தருண் சொன்ன ‘பேக்கு’

அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். எங்கள் துறைத் தலைவர் மேடம், தருணின் அம்மா, நான். தருணின் அப்பா வரவில்லை. கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. தருணும் வரவில்லை, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். என் பக்கம் பேச யாரும் இல்லை. என் அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங். இரண்டு பேரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆண்டவர் அங்கே இருந்தார் என்று இன்று சொல்வேன். அன்று அவரையும் நான் காணவில்லை.

என் பெயர் ஸ்டீபன். பிறந்து வளர்ந்தது பெங்களூரு லிங்கராஜபுரம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். மூன்றாம் வகுப்புவரை எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. வகுப்பில் என் பெயரே ‘பேக்கு’தான். மண்டையில் ஒன்றும் ஏறாதவன் என்று அர்த்தம். அந்த வலி தெரிந்ததால்தான் பி.எட். முடித்த கையோடு சிறப்புக் கல்வியில் எம்.எட். சேர்ந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு குழந்தையோடு பல மாதம் வேலை செய்து அறிக்கை எழுத வேண்டும். கேஸ் ஸ்டடி என்போம். அது இல்லாமல் பட்டம் இல்லை. எனக்குக் கிடைத்த குழந்தை தருண். ஆறு வயது. அதுவரை ஒரு சொல்கூடப் பேசாதவன். ஹெப்பகோடியில் இருந்த பயிற்சி மையத்துக்கு நான் பஸ் மாறி மாறிப் போவேன். அவனைக் கொண்டுவந்து விடுவது எப்போதும் அப்பாதான். முதல் நாள் அவர் என்னிடம் கன்னடத்தில் பேசினார். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். படிவத்தில் ‘வீட்டு மொழி’ என்ற கட்டத்தில் கன்னடம் என்று எழுதிக்கொண்டேன். கேட்டு எழுதவில்லை.

நான்கு மாதம் தண்ணீர், பந்து, பிஸ்கட் என்று பட அட்டைகளைக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தருண் அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். வாய் திறக்க மாட்டான்.

அப்படி இருக்கும்போதுதான், கடந்த பிப்ரவரியில், அவன் அம்மா புகாரோடு கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“மூணு நாளா என்னப் பாத்து பேக்கு, பேக்குங்குறான் மேடம். ஆறு வருசமா அம்மான்னு ஒரு வார்த்த இல்ல. மொதமொதல்ல வாயத் தொறந்து பெத்தவளப் பேக்குங்குறான். மையத்துல யாரோ அவன அப்படிக் கூப்புடாம அது எப்படி வரும்?”

அவர்கள் தமிழர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாணியம்பாடிப் பக்கம். அம்மாவும் பையனும் பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். “ஸ்டீபன், அந்த வார்த்தைய சொன்னியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் நண்பன் ஒருவனிடம் போனில், “டேய் பேக்கு, சில்க் போர்டு ஸ்டாப்புல ஏன்டா எறங்குன?” என்று சிரித்தது ஞாபகம் வந்தது. தருண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

“பையனச் சொல்லல மேடம். ஆனா அவன் காதுல விழுற மாதிரி போன்ல சொல்லியிருக்கேன்.”

“போன் பேசத்தான் வர்றீங்களா சார்?” என்றார் தருணின் அம்மா.

நான் தலைகுனிந்து நின்றேன். நானே ஒப்புக்கொண்டதால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவையும் வரவழைத்து முடிவெடுப்போம் என்றார் மேடம். அவர்கள் மனம் இரங்காவிட்டால் கேஸ் ஸ்டடி ரத்து. என் ஒரு வருடம் போய்விடும். இன்னொரு வருடம் படிக்க வைக்க எங்கள் வீட்டில் தெம்பு இல்லை.

சோறு இறங்கவில்லை. அந்த அம்மா புகாரை வாபஸ் வாங்க வேண்டும் ஆண்டவரே, இது ஒன்றுதான் என் ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து முழங்கால் போட்டேன். அன்று அந்த ஜெபம் வாயில் வரவே இல்லை. ஆறு வருடம் காத்திருந்து, கேட்ட முதல் சொல்லிலேயே நொந்துபோன ஒரு தாயின் முகம்தான் வந்தது. அழுதுவிட்டேன். “என் பட்டம் போனாலும் போகட்டும் ஆண்டவரே. அந்தப் பிள்ளை என்ன சொல்ல வருகிறானோ, அது யாருக்காவது புரியட்டும்” என்று கேட்டேன்.

பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த என் அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். “பட்டம் போனா போவட்டும்னு மட்டும் சொல்லாதடா. ஆண்டவரு நெசம்னு எடுத்துக்கப் போறாரு.” அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை தருணின் அப்பா வந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்ததால் கண் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்ததால் தருணையும் கூட்டி வந்திருந்தார்கள். அப்பா உட்காரக்கூட இல்லை. “உங்கள நம்பி வுட்டேன் சார்” என்றார்.

தருண் நேராக என்னிடம் வந்தான். எப்போதும்போல என் பையைத் திறந்தான். ஒருவேளை அவனைப் பார்ப்பது இதுவே கடைசியாக இருக்கலாம் என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அதன்மேல் கையை வைத்தான்.

“பேக்கு.”

“கேட்டீங்களா! உங்க எதுருலயே சொல்றான் மேடம்!” என்று எழுந்தார் அம்மா.

தருண் பாக்கெட்டை விடவில்லை. என் கண்ணைப் பார்த்து மறுபடி சொன்னான். “பேக்கு.”

அவன் அப்பா சட்டென்று மனைவியின் கையைப் பிடித்தார். “ஏய், இரு இரு. அது திட்டு இல்லடி. கன்னடம்! பேகுன்னா வேணும். பிஸ்கட் வேணும்னு கேக்குறான்டி!”

நான்கு மாதம் அட்டை அட்டையாகக் காட்டி நான் சொல்லிக்கொடுத்த அதே ‘பேகு’. அவன் நாக்கில் ‘பேக்கு’ ஆகியிருந்தது.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். “அப்ப, அன்னைக்கு சோத்துச் சட்டியப் பாத்துச் சொன்னானே?”

“சோறு கேட்டிருக்கான்.”

“நான் அடிச்சிட்டேங்க” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். “நான் குடுக்கறேன் சார்” என்று வாங்கிக்கொண்டார். ஒன்றை எடுத்து, “வேணுமா?” என்றார். “பேக்கு.” இன்னொன்று. “பேக்கு.” பாக்கெட் தீரும்வரை அவரும் நிறுத்தவில்லை, அவனும் நிறுத்தவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படிவத்தைப் பார்த்து என்னைத் திட்டினார். “வீட்டு மொழியக் கேக்காம எழுதுனியா? எம்.எட். படிக்கிற நீ?”

“சாரைச் சொல்லாதீங்க மேடம். நானும் அவர கன்னடக்காரர்னுதான் நெனச்சேன்” என்றார் அப்பா.

ஆனாலும் தவறு என்னுடையது. இரண்டு தமிழர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கன்னடம் பேசியதில், நடுவில் ஒரு பிள்ளை அடி வாங்கியிருக்கிறான். அந்தக் கட்டத்தை அன்றே திருத்தினேன். கேஸ் ஸ்டடி முடிந்தது, பட்டமும் வந்தது. இப்போது அதே மையத்தில் ஆசிரியராக இருக்கிறேன். புதுக் குழந்தை வந்தால், அதற்குச் சோறு ஊட்டுகிறவர் யார் என்று கேட்டு, அவரோடு பேசிய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். வகுப்பு நேரத்தில் போனை அணைத்துவிடுகிறேன். தருண் இப்போது ‘வேணும்’ என்றும் சொல்கிறான். ‘அம்மா’ இன்னும் வரவில்லை. அவன் வீட்டாரோடு சேர்ந்து நானும் அதற்காக ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் பதில் வராத ஜெபம் இருக்கலாம். அந்தப் பதில் சில சமயம் திட்டு மாதிரி காதில் விழும். அவசரப்பட்டுக் கையை ஓங்காதீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள். என் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்கும் செய்வார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை தருணின் அம்மா மையத்துக்கே வந்து, அந்த பிஸ்கட்டுக்கான காசை என் கையில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். “எம்புள்ள மொதமொதல்ல வாய் தொறந்து கேட்டுத் தின்னது சார். அது எங்க காசா இருக்கட்டும்” என்றார்.

பத்து ரூபாய்.