கோயில் வாசலில் கழற்றிய பூட்ஸ்

அந்தக் கறுப்பு ரப்பர் பூட்ஸை மச்சான் கோயில் வாசலில் கழற்றி வைத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. காலுறைகளையும் உருவி உள்ளே திணித்து, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். மச்சான் என் மனைவிக்கு அண்ணன். செடெனாக் ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலையில், தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சும் வாட்டர்ஜெட் மெஷினால் தரை கழுவுவதுதான் அவருக்குப் பல வருட வேலை. போன வருடம் திருவிழா நெருங்கும் நேரத்தில், எங்கள் தோட்டத்துக் கோயிலின் சிமெண்டுத் தரை மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. மெஷினை இரவல் வாங்கி வந்தவரும் அவர்தான். நான் குழாய் பிடிக்கப் போனேன்.

மெஷின் விஷயத்தில் மச்சான் பெரிய நச்சரிப்பு. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டும்வரை என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்து, சிமெண்டு பெயரவில்லை என்று தெரிந்த பிறகுதான் தொடங்குவார். "தண்ணிதானேன்னு நெனைக்காதீங்க மாப்ள, கத்தி மாதிரி அறுக்கும்" என்றார். அப்படிப்பட்டவர் பூட்ஸோடு உள்ளே காலெடுத்து வைத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என்ன மச்சான், சாமி வாசல்ல பூட்ஸா? ஆளுங்க பார்த்தா என்ன சொல்வாங்க?" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து கழற்றினார்.

பாதித் தரை முடிந்தபோது பாசியில் அவருக்குக் கால் வழுக்கியது. பீய்ச்சிய தண்ணீர் இடது பாதத்தின் மேல் ஒரு நொடி ஏறி இறங்கியது. ஊசி குத்தியது போல ஒரே ஒரு துளை, ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. இத்தனை வருடமும் பூட்ஸுக்குள் இருந்த கால் அது, அப்படியொரு காயத்தை அவரும் பார்த்ததில்லை. "அலமாக்!" என்று காலை உதறிவிட்டு, "ஒன்னுமில்ல லா" என்று மீதியையும் கழுவி முடித்தார். மறுநாள் பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. துளை சின்னதுதான், அழுக்குத் தண்ணீர் சதைக்குள் ஆழமாகப் போய்விட்டது, அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஏன் பூட்ஸ் போடவில்லை என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன் டாக்டர்" என்றார் மச்சான். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

என் பேச்சால்தான் கழற்றினார் என்று அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதில் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். இப்போது கோயிலிலேயே புது பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, தரை கழுவுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதோடு உள்ளே நடப்பதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்தவன் நான் ஒருவன்தான். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

இந்த வருடத் திருவிழா முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் என் மனைவிக்கு வழக்கம்போல ஆத்திரம் வந்தது. "ஏண்ணே, ஊருக்கெல்லாம் புத்தி சொல்வீங்க, உங்களுக்கு இல்லையா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க கூடத்தானே இருந்தீங்க? பூட்ஸ் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மாப்ள சொன்னாரும்மா, நான்தான் கேக்கல" என்றார் மச்சான், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

இனி நான் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவரைப் பொய்யராக்க வேண்டும்.