விரதத்தின் பதினோராம் நாள்: ராஜுவுடன் பிடோக்கிலிருந்து தேக்காவுக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடக்கும். சில இடங்களில் பேனா அழுந்தித் தாளே கிழிந்திருக்கிறது. கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் பெயிண்ட் அடித்த கை இது. சமூக மன்ற வகுப்புக்குப் போய் இரண்டு வருடமாகத்தான் எழுதுகிறது, அதுவும் அறுபத்தொன்பது வயதில். மகள் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டு, கீழே தட்டச்சும் செய்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

போன செவ்வாய்க்கிழமை என் தம்பி ராஜுவை பிடோக்கிலிருந்து தேக்காவுக்கு ரயிலில் கூட்டிப்போனேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறான். குடம் வாங்க வேண்டும். சின்னப் பயணம்தான். மனநோய் உள்ள ஒருவரை வெளியே கூட்டிப்போக நினைக்கும் குடும்பங்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

ராஜுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இல்லாத குரல்கள் அவனுக்குக் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் பூட்டிக்கொண்டான். ஒன்பதாம் நாள் கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஐந்து மாதம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தான்.

வீடு திரும்பியபோது கூடவே வந்தவள் ஷாலினி. நர்ஸ்தான், ஆனால் வேலையின் பெயர் கேஸ் மேனேஜர். அவள் பொறுப்பில் சில நோயாளிகள்தான் இருக்கிறார்கள். அந்தச் சில பேருக்கு எல்லாமே அவள்தான். வாரம் இரண்டு தடவை வீட்டுக்கே வருவாள். மாத்திரை, கிளினிக், வீட்டு வாடகை, காய்கறி வாங்குவது வரை கூட நின்று பழக்குவாள். ரயிலுக்கு மட்டும் ஆறு வாரம் பழக்கினாள். முதல் வாரம் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு வாரம் அவள் லீவில் போனாள். அவளுக்குப் பதிலாகப் போனில் விசாரித்தவரிடம் ராஜு “எல்லாம் ஓகே” என்று சொல்லியிருக்கிறான்.

நான் இருக்கும் பாசிர் ரிஸ்ஸில் 9.10க்கு ரயில் ஏறினேன். பிடோக்கிற்குப் பன்னிரண்டு நிமிடம். முதியோர் அட்டையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர்கூட ஆகவில்லை. ராஜுவும் ஷாலினியும் ஸ்டேஷனுக்குக் கீழே நின்றார்கள். லீவு முடிந்து அவள் அவனைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

மூவரும் ஏறிய ரயிலில் தமிழில் எழுதியிருந்ததை எல்லாம் நான் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ராஜு என் தொடையைத் தட்டினான்.

“அண்ணே, குரல் கேக்கிறது எனக்கு. சத்தம் போடறது நீங்க.”

ஷாலினி சிரித்துவிட்டாள். ஆனால் பாய லேபார் வருவதற்குள் அவன் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தான். உதடு தானாக அசைந்தது. “இறங்கலாமா அங்கிள்?” என்று ஷாலினி அவனைக் கேட்டாள். இறங்கினோம். பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ரயிலைப் போகவிட்டோம். அவள் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது ரயிலை அவனே காட்டினான். பூகிஸில் ரயில் மாறி லிட்டில் இந்தியா, அதாவது தேக்கா, வந்தபோது மணி 10.40.

சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். ஷாலினி சொன்ன தோசை வந்ததும் ராஜு தட்டைத் தள்ளினான்.

“விரதம், மிஸ்ஸி. ராத்திரி ஒரு வேளைதான்.” பழைய ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

“எத்தனை நாளா?”

“இன்னியோட பதினொண்ணு.”

“அப்ப காலை மாத்திரை?”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பதினொரு மாத்திரை. “தூக்கிப் போட மனசு வரல. சாப்பிடாம போடக்கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு.”

அண்ணன் என்றது என்னைத்தான். மாத்திரைப் பெட்டியில் ஷாலினி தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள்: காலை ஒன்று, சாப்பிட்ட பிறகு. அவனுக்கு நான் படித்துக்காட்டிய முதல் வரி அதுதான். படித்ததோடு விடாமல், “வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்” என்று என் பங்குக்கும் சேர்த்திருந்தேன். விரதம் இருக்கச் சொன்னதும் நானே, அவன் குணமாக வேண்டும் என்று.

“நான்தாம்மா கெடுத்துட்டேன்,” என்றேன்.

“லீவுக்கு முன்னாடி நானும் கேட்டிருக்கணும், அங்கிள். சரி, இப்ப டாக்டருக்குப் போன் பண்றேன் லா.”

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக்கூடாது. எதையாவது சாப்பிட்டுவிட்டு ஒன்று மட்டும் போடலாம். நாலு மணிக்கு டாக்டர் பார்ப்பார். இதையெல்லாம் என்னிடம் அல்ல, ராஜுவிடம்தான் சொன்னாள்.

“திரும்பவும் அந்த மாதிரி ஆயிடுவேனா மிஸ்ஸி?”

“தெரியல அங்கிள். இன்னிக்கே ஆரம்பிச்சா நல்லது. நீங்கதான் சொல்லணும்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் கையை நீட்டித் தடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. என் தம்பி, நான் பேசக்கூடாதா? ஆனால் வாயை மூடிக்கொண்டேன். ராஜு மாத்திரைகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினான்.

“வார்டுல படுத்துக்கிட்டு பால்குடம் எப்படி எடுக்கிறது?” என்றான் கடைசியில். கடைக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, ஒரு கிளாஸ் பால்,” என்றான்.

குடித்தான். ஒரு மாத்திரை போட்டான். மீதியை அவள் வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து ஆறு நிமிட நடையில் ஒரு கடையில் பித்தளைக் குடம் வாங்கினோம், இருபத்தெட்டு வெள்ளி. நாலு மணிக்கு டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரம் தினமும் ஷாலினியை வரச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடக்க இடம் இருக்காது. வார நாளில், பத்து மணிக்கு மேல் போங்கள். நடுவில் இறங்குவதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். விரதம், நோன்பு எதுவானாலும் தொடங்குவதற்கு முன்பே மருந்து கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். என்னைப் போல் நீங்களே முடிவு சொல்லாதீர்கள்.

இதை எழுதும்போது வெள்ளிக்கிழமை. நேற்று ராத்திரி ராஜு இரண்டு மணி நேரம்தான் தூங்கினானாம். குரல்கள் இன்னும் குறையவில்லை. காலையில் பாலும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, “போட்டாச்சு அண்ணே” என்று போன் செய்தான். ஒரு வாரம் முடிந்து, செவ்வாய்க்கிழமை மறுபடியும் டாக்டரிடம் போகிறோம். அவர் என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அடுத்த வாரம் இதே கையால் எழுதுகிறேன்.