கோயில் மண்டபத்தில் ரேஷன் கடை

நான் வேலை பார்க்கும் ரேஷன் கடை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கிறது. பழைய கட்டடத்தின் கூரை ஒழுகி அரிசி மூட்டைகள் நனைந்தபோது, இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி இங்கே மாற்றினார்கள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. ஓசூரில் கம்பெனிகளைச் சுற்றி மாடி மேல் மாடியாக வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ரேஷன் கடைக்குத்தான் ஒரு சென்ட் இடம் கிடைக்கமாட்டேன் என்கிறது.

அரசாங்கத்தின் அரிசி, கூட்டுறவுச் சங்கத்தின் சம்பளம். ஆனால் படியேறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், கறி தின்றவர்கள் வரக்கூடாது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் காரியம் முடியும்வரை வரக்கூடாது. தூரமான பெண்கள் மாதவிலக்கு முடியும்வரை வரக்கூடாது. இதையெல்லாம் யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. வருகிறவர்களுக்கே தெரியும். தெரியாமல் வந்த வெளியூர்க்காரர்களுக்கு வரிசையில் நிற்பவர்கள் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஊரில் மொழிப் பிரச்சினையே கிடையாது.

கோயில் கமிட்டித் தலைவர் நல்ல மனிதர். நான் இங்கே வந்த புதிதில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதம்மா. மாசத்துல அந்த மூணு நாளு மட்டும் லீவு போட்டுக்க. அம்மன் எதுக்கால இருக்குது பாரு."

அப்படி ஒரு லீவு எந்த விதியிலும் இல்லை. நான் லீவு போட்டால் கடை பூட்டிக் கிடக்கும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நிற்கிறவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அதனால் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, மாதாமாதம் ஒன்றும் இல்லாததுபோல உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். இதில் வீரம் எதுவும் கிடையாது. இடுப்பு விட்டுப்போகிற வலியோடு சிரித்த முகமாகப் பருப்புப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். மண்டபத்துப் பக்கத்தில் இருக்கும் பாத்ரூமுக்கு அடிக்கடி போகக்கூடாது, போனால் யாராவது கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் முதலில் சன்னதிக்குப் போய்க் கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதியும் குங்குமமுமாக வந்துதான் மூட்டைகளை எண்ணினார். "வாடகை இல்லாம இந்த மாதிரி எடம் எங்கம்மா கெடைக்கும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணியே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு மாதக் கடைசி நாளில், மத்தியானம், அந்தப் பெண் வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். பின் தெருவில் இருப்பவள். அவள் கணவன் கெலமங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஷிப்டுக்குப் போகும்போது, லைட் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதிச் செத்துப்போனான். இரண்டும் சின்னப் பிள்ளைகள். அக்கம்பக்கத்து வீட்டுச் சோற்றில்தான் அந்த வாரம் ஓடியது என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அரிசி போட்டு இங்க குடுத்துடறீங்களா? நான் இங்கியே நிக்கறன்" என்றாள்.

"ரேகை வெக்காம பில்லு வராதும்மா. உள்ள வா."

"நான் எப்டிக்கா வர்றது? காரியம் இன்னும் ஆவலியே."

ரேகை மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், தராசை விட்டு நகர்ந்ததுமே இணைப்பு அறுந்துவிடும். தராசில் எடை காட்டினால்தான் பில் வரும். தராசோ மண்டபத்தின் உள்சுவரோடு இருக்கிறது. நாளைக்கு வரச் சொல்லலாம் என்றால், நாளைக்குப் புது மாதம். இந்த மாதத்து அரிசி போனது போனதுதான்.

கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டேன். "நானா வேண்டாங்கறேன்? அந்தப் பொண்ணையே கேளும்மா, அதுவே வராது" என்றார். அவர் சொன்னது உண்மை. படிவரைக்கும் வரச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் ஒரு அடிகூட நகரவில்லை.

எனக்கு அன்று இரண்டாம் நாள். வலியும் வெயிலும் சேர்ந்து ஆளை அடித்துப் போட்டிருந்தன. ரோட்டைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இங்க பாரு, நானும் தூரந்தான். காலையில இருந்து உள்ளதான் உக்காந்திருக்கறன். இன்னிக்கின்னு இல்ல, இந்தக் கடைக்கு வந்ததுல இருந்தே இப்டித்தான். அம்மன் ஒண்ணும் பண்ணல. வா, வந்து வெரல வெச்சுட்டு அரிசிய வாங்கிட்டுப் போ."

சொன்னதும் எனக்கே உடம்பு லேசானது. இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் தைரியமாக வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் பிடியிலிருந்து கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"எல்லா மாசமுமாக்கா?"

"எல்லா மாசமுந்தான்."

"எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போறப்பல்லாம் இந்தம்மாவக் கும்புட்டுட்டுத்தாங்க்கா போவாரு."

பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொங்கிப் பொங்கி வந்தது. ரோட்டில் லாரியை நிறுத்தினவன் யாரோ, அவனை விட்டுவிட்டு இவள் என் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறாளே என்று இருந்தது. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். புருஷனைத் தூக்கிக் கொடுத்துப் பத்து நாள்கூட ஆகாதவளிடம் என்ன நியாயம் பேசுவது? உள்ளே வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் கடை அடைக்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. அந்த மாதத்து அரிசி வாங்காத கார்டுகளில் அவளுடையதும் ஒன்றாகிப்போனது.

கமிட்டியில் சொல்லிவிடுவாள், ஊரே திரண்டு வரும் என்று சில நாள் பயந்துகொண்டிருந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், சண்டையாகவாவது முடிந்திருக்கும். காரியம் முடிந்து அடுத்த மாதம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். விரல் வைப்பதற்கு முன் தயங்கி, என் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்கி ஒண்ணும் இல்லம்மா, வெய்யி" என்று நானே சொன்னேன். அப்புறம்தான் விரலை வைத்தாள்.

அந்த மாதத்திலிருந்து மூன்று நாளும் லீவு எழுதிக் கொடுக்கிறேன். கடை பூட்டிக் கிடக்கிறது. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதுகிறேன்.