இரண்டு ஜான்கள்

டொரோண்டோவில், ஸ்கார்பரோ நூலகம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். காலை பத்தேகால். அயர்லாந்திலிருந்து அந்நாளைய பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிய ஒரு நெசவாளியின் வம்சாவளியை வரைகிறேன். அவர் என் வெள்ளைக்காரச் சம்பந்தியின் முன்னோர்களில் ஒருவர். படுத்த படுக்கையாக இருக்கும் சம்பந்தியிடம் நாளை இதைக் கொடுக்க வேண்டும். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். நெசவாளியின் மகன் ஜான் இரண்டு வயதில் இறந்திருக்கிறான். பிறகு அவனுக்கு எப்படி ஐந்து பிள்ளைகள்?

நூலகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என் தாளைக் குனிந்து பார்க்கிறார்.

“உதில ஏன் அண்ணை ஒரு ஜானை வெட்டியிருக்கிறியள்?”

“ஞானஸ்நானப் பதிவுல அதே பேர் ரெண்டு தடவை வருது. எழுதினவரோட தப்புன்னு ஒண்ணை அடிச்சுட்டேன்.”

“ஐயோ, உயிரோட இருந்தவனை எல்லோ வெட்டிப்போட்டியள்! அந்தக் காலத்து அயர்லாந்துச் சனம் முதல் பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கும் அதே பேரை வைக்கிறவை.”

“செத்த குழந்தையோட பேரையா? நாம வைப்போமா?”

“நாங்கள் வைக்கமாட்டம். அவை வைச்சவை.”

அடித்ததை ரப்பரால் அழிக்கிறேன். இரண்டாவது ஜானிலிருந்து கோடு சம்பந்திவரை தடையில்லாமல் இறங்குகிறது. நிம்மதிதான். ஆனால் அந்தத் தாய் சாப்பாட்டுக்கு “ஜான்” என்று கூப்பிட்டபோதெல்லாம் எந்தப் பிள்ளையை நினைத்துக் கூப்பிட்டாள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.