வெயிலைக் கடைசியில் வைத்தவர்

நம் ஷமீம் மிஸ் மாரடைப்பில் போய்விட்டார் என்று பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் சத்துவாச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

உங்களில் பலர் அவரை வேதியியல் ஆசிரியையாகவே அறிவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சக ஆசிரியையான நானும் அமிர்திக் காட்டுக்குப் போய் பாஸ்டல் வண்ணக்கட்டிகளால் படம் வரைவோம் என்பது சிலருக்குத்தான் தெரியும். தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ரஹீம், தோலைத் தேய்க்கும் உப்புத்தாளில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து தருவார். சொரசொரப்பான அந்தப் பழுப்புத் தாளில் பாஸ்டல் பொடி நன்றாக நிற்கும்.

ஷமீம் முதலில் இருட்டை எல்லாம் போட்டு முடிப்பார். நான் எடுத்ததுமே மஞ்சள் கட்டியைத் தேடினால் சிரிப்பார்.

"இப்பவே வெச்சா அழுக்காயிடும், மிஸ். வெயில கடைசியா வைங்க."

"அதுக்குள்ள வெயில் நகர்ந்துடுமே?"

"போவட்டும். அதான் பாத்துட்டீங்க இல்ல?"

பொடி உதிராமலிருக்க மருந்து அடிக்கவும் விடமாட்டார். அடித்தால் வெளிச்சம் மங்கிவிடும் என்பார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மேல்விஷாரம் போயிருந்தேன். ரஹீம் ஒரு படத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். அக்காவை அவர் ஆபா என்றுதான் அழைப்பார்.

"ஆபா வரைஞ்சதுல தூசி படக்கூடாதுல்ல? மத்ததையும் நாளைக்குக் கடையில குடுத்துடறேன். நல்லா இருக்குதா மிஸ்?"

சூட்டில் பசை உருகிப் பொடியோடு கலந்துவிட்டது. மஞ்சள் இருந்த இடமெல்லாம் மண் நிறம். அவர் முகத்தைப் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. சொன்னால் மற்ற படங்களும் போய்விடும்.

"மத்தத குடுக்காதீங்க, பாய். இதுல வெயில் போயிடுச்சு."

ரஹீம் இன்னொரு படத்தை எடுத்து அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாழ் பண்ணிட்டேன், இல்ல?"

லேமினேட் செய்த படத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இது எந்த எடம்னாவது சொல்லுங்க. போய்ப் பாத்துட்டு வர்றேன்."

எனக்குத் தெரியவில்லை. காட்டில் ஷமீமும் நானும் முதுகோடு முதுகாக உட்கார்ந்துதான் வரைவோம். அவர் எதைப் பார்க்கிறார் என்று இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருந்ததில்லை. அவர் பின்னால் இருந்தார்.

மற்ற படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ரஹீமிடம் கொடுத்துவிட்டு, பாழானதை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு அமிர்திக்குப் போனேன். வழக்கமான பாறையில் ஷமீம் பார்க்கும் பக்கமாக உட்கார்ந்தேன். படத்திலிருந்த இரட்டை மரம் எதிரிலேயே நின்றது. பத்து மணிக்கு மேல் கிளையின் நிழல் விலகி, மரத்தடியில் வெயில் விழுந்தது. ரஹீமுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன்.

ஷமீமுடையதாக என்னிடம் இப்போது இருப்பது அவர் பார்த்த அந்தப் பக்கம்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் என் முதுகுக்குப் பின்னால் ஆகிவிட்டது; அங்கே யாரும் இல்லை.