மெழுகிய நிலமும் நாய்க்குட்டியும்

நாங்கள் ஸ்கந்தபுரத்தில் காணி கிடைத்துக் குடியேறி, இரண்டாவது மாரிக் காலபோக நெல்லை வெட்டிச் சூடடித்து முடித்த மாசி மாதம் அது. ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, வீட்டு வேலிக்கு அப்பால் காடு நிற்பது அப்போதும் பழகவில்லை. வீடு என்றால் மண்சுவரும் தென்னோலைக் கிடுகுக் கூரையும்தான். ஒரு பெரிய அறை, பின்னால் சமையலுக்கு ஒரு குசினி, சாணத்தால் மெழுகிய நிலம். அறையின் கிழக்கு மூலையில் முருகன் படம் வைத்து விளக்கேற்றுவோம். அதே அறையின் மற்றப் பக்கத்தில் என் மாமா, அதாவது கணவரின் தகப்பனார், பாய் போட்டுப் படுப்பார்.

மாமா ஊரில் இருந்த காலத்தில் கோயிலில் தேவாரம் படித்தவர். மாமி காலமான பிறகு தனியே இருக்க வேண்டாம் என்று நாங்கள்தான் இங்கே கூட்டி வந்தோம். வந்த வருடமே கடுமையான காய்ச்சல் ஒன்று வந்து, இடது கால் இழுபட்டுப் போனது. தடி ஊன்றித்தான் நடப்பார். அப்படி இருந்தும் குளிக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். தன் வேட்டியை யாரையும் தோய்க்க விட மாட்டார். தானே அலசி, தானே கொடியில் போடுவார். அந்த நாட்களில் வேட்டி கொடியில் அடிக்கடி காய்ந்துகொண்டிருந்தது. வெயில் காலம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குள் பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டுகிறது என்று என் கணவர் ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்தார். செம்மண் நிறம், காதில் மட்டும் கறுப்பு. பக்கத்துக் காணிக்காரரின் குட்டியை முற்றத்தில் கட்டி வைத்திருந்தபோது நரி கொண்டுபோயிருந்தது. ஆகவே வளரும்வரை இதை வீட்டுக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்றார். மாமாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை.

"நாய் ஏறின வீட்டிலை சாமி இருக்குமோ?" என்றார்.

"வைரவர் நாயோடைதானே நிக்கிறார் ஐயா," என்று கணவர் சிரித்தார்.

"அவர் வெளியிலை மரத்தடியிலை நிக்கிறார். உள்ளுக்கு வந்து பாயிலை படுக்கேல்லை."

மாமா பயந்தபடியேதான் நடந்தது. குட்டி வந்த அன்றே குசினி வாசலில் ஒரு மூத்திரத் திட்டு, நெல்மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று. மண் நிலம் ஈரத்தைக் குடித்துவிடும். மேலால் துடைத்தாலும் மணம் போகாது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு குட்டி மறுபடியும் அதே இடத்துக்கு வரும். இதை நான் பட்டுத்தான் கண்டுகொண்டேன். அதன் பிறகு ஈரம் பட்ட மண்ணைச் சுரண்டி எடுத்து, புற்றுமண் வைத்து இறுக்கி, சாணத்தோடு மஞ்சள் கரைத்து மெழுகினேன். குட்டி கண் விழித்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பாலை மரத்தடிக்குப் போவேன். அது மணந்து மணந்து சுற்றி வரும்வரை நிற்பேன். காரியம் முடித்தால் தலையைத் தடவிக் கொடுப்பேன். நெல் அவிக்கவும் நேரம் இல்லாத காலத்தில் நாய்க்கு முன்னால் காவல் நிற்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் குட்டி கெட்டிக்காரக் குட்டி. கொஞ்ச நாளில் தானே கதவடிக்குப் போய் நின்று முனகத் தொடங்கியது. குசினியும் நெல்மூட்டைப் பக்கமும் காய்ந்தன.

மாமாவின் பாய்ப் பக்கம் மட்டும் காயவில்லை.

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கணவர்தான் கொதிப்பார். குட்டியின் கழுத்தைப் பிடித்து, அந்த ஈரத்தில் மூக்கைத் தேய்த்து, தென்னை ஈர்க்கால் இரண்டு அடி போடுவார். எங்கள் பக்கத்தில் நாயைப் பழக்குவது அப்படித்தான். 'மூத்திரக்குட்டி' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். அது என்ன ஏது என்று தெரியாமல் என் சேலைக்குள் வந்து ஒளியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கணவர் வயலுக்குப் போய்விட்டார். விரத நாள் என்பதால் மாமாவை வெளி விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டு, அறை முழுவதையும் மெழுகினேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். குட்டியும் பின்னாலேயே வந்தது. நான் குளித்து, தண்ணீர் அள்ளி முடியுமட்டும் வாழையடியில் படுத்திருந்தது. இரண்டு பேருமாகத்தான் திரும்பினோம்.

கதவடியில் நின்றுவிட்டேன். மாமா உள்ளே வந்து படுத்திருந்தார். பாயின் ஓரத்தில் ஈரம். ஈர மெழுக்கில் எறும்பு நடந்தாலும் தெரியும். அதிலே நாயின் கால்தடம் ஒன்றுகூட இல்லை. வலது பாதம் ஒன்று, பக்கத்தில் தடியின் குழி, இழுபட்ட கால் ஒன்றின் நீளக் கோடு. அவ்வளவுதான்.

மாமா கண்ணை மூடியிருந்தார். அவர் நித்திரை இல்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. இத்தனை நாளும் வேட்டி ஏன் அடிக்கடி கொடியில் காய்ந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சாணத்தைக் கரைத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தையும் கால்தடங்களையும் சேர்த்து மெழுகினேன்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவர், புதிதாக மெழுகிய திட்டைக் கண்டார்.

"பிறகும் செய்துபோட்டுதோ?"

நான் குனிந்து சோற்றைப் போட்டேன். அதை அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டார்.

"போதும். விரத நாளும் இல்லை, சாமி அறையும் இல்லை இதுக்கு. நாளைக்குக் காலமை நெல்லேத்த லொறி வருது. மாங்குளத்துக்குக் கிட்டக் காட்டிலை இறக்கிவிடுறன். நரி பாத்துக்கொள்ளட்டும்."

உண்மையைச் சொன்னால் குட்டி பிழைக்கும். ஆனால் ஊரிலே நான்கு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுத்த மனிதர், பெற்ற மகனின் முகத்தைப் பிறகு எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் வாயில்லாத சீவன் ஒன்று செய்யாத குற்றத்துக்குக் காட்டில் கிடந்து சாகும். அன்று பின்னேரம் விளக்கேற்றிக் கும்பிட்டேன். முருகனிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் தவறாமல் அந்த நேரத்தில் தேவாரம் பாடும் மாமாவும் அன்று பாடவில்லை.

விடிந்ததும் லொறி வந்து வேலிப் படலையடியில் நின்றது. மூட்டைகள் ஏறின. கடைசியாகக் கணவர் குட்டியைச் சாக்குக்குள் போட்டுக் கட்டினார். அது உள்ளே இருந்து முனகியது. நான் குசினி வாசலில் மரம்போல நின்றேன்.

அப்போதுதான் தடிச் சத்தம் கேட்டது. மாமா முற்றத்தைக் கடந்து லொறியடிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அதை அவிட்டுவிடு."

"நீங்கள்தானே ஐயா முதல் நாளே உது வேண்டாமெண்டனியள்?"

"ஓம், சொன்னனான். ஆனால் அது செய்யேல்லை."

"பின்னை ஆர் செய்தது?"

லொறிக்காரரும் நெல் ஏற்ற வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா வாயைத் திறந்தார். அந்த மனிதர் அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. எப்படி ஓடிப் போனேனோ தெரியாது.

"நான்தான்," என்றேன். "மாமாவுக்குத் தலைமாட்டிலை தண்ணிச் செம்பு வைக்கிறனான். ஒவ்வொரு நாளும் அதைத் தட்டி ஊத்திப்போடுறன். ஏச்சு விழுமெண்டு பேசாமல் இருந்திட்டன்."

எப்போதும் சாணமும் மஞ்சளும் மணக்கும் அந்த நிலத்தில் எது தண்ணீர், எது மூத்திரம் என்று கணவர் மணந்து பார்த்ததில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியே? நல்ல ஆள் நீ. அப்ப இவ்வளவு நாளும் இந்தக் குட்டிக்கு ஏன் அடி வாங்கிக் குடுத்தனி?"

லொறிக்காரர் சிரித்தார். "அண்ணை, அந்த ஈர்க்கை இனி அக்காவிட்டைக் குடுத்திடுங்கோ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் குட்டி ஓடி வந்து, என் காலடியை விட்டு மாமாவின் காலடியில் போய் நின்றது. மாமா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்த கையோடு மாமாவிடம் போனேன். "மாமா, எனக்குக் குசினியிலை வேலை கிடக்கு. குட்டியை ஒருக்காப் பாலையடிக்குக் கூட்டிக்கொண்டு போறியளே? நேரம் தவறினால் பழக்கம் விட்டுப்போம்," என்றேன். அவர் தடியை எடுத்தார்.

அதன் பிறகு கண் விழித்ததும், சாப்பிட்டதும், விளக்கு வைக்க முதலும் குட்டியும் மாமாவுமாகப் பாலையடிக்குப் போவார்கள். குட்டிக்கு வெயில் படுகிறது என்று சொல்லி அங்கே கிடுகால் ஒரு மறைப்புக் கட்டினேன். அவர் மறந்து படுத்திருந்தால் குட்டி வேட்டி நுனியை இழுக்கும். பாய்ப் பக்கம் மெல்ல மெல்லக் காய்ந்தது. எப்போதாவது ஒரு நாள் ஈரம் கண்டால், செம்பு சரிந்துவிட்டது என்று நானே சொல்லி மெழுகிவிடுவேன்.

"பரவாயில்லை, நாயை நல்லாப் பழக்கிப்போட்டாய்," என்றார் கணவர் ஒரு நாள்.

"மாமாதான் பழக்கினவர்," என்றேன்.

இதைப் பற்றி மாமாவும் நானும் ஒரே ஒரு முறைதான் கதைத்தோம். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடித்தவர், குட்டியைக் கூப்பிட்டார். அது படி ஏறி, அறைக்குள்ளேயே வந்தது. மாமா சிரமப்பட்டுக் குனிந்து, அதன் நெற்றியில் திருநீறு பூசினார். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

"என்ரை பழியை இது சுமந்தது," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "சாமி கும்பிடுற பிள்ளை, உன்னைப் பொய் சொல்ல வைச்சிட்டன்," என்றார்.

"ஆர் சொன்னது மாமா, நான் பொய் சொன்னனான் எண்டு? செம்பு இண்டைக்கும் சரிஞ்சுதானே கிடக்கு," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மாமா காலமாகி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அந்த நாயும் வளர்ந்து, பன்றி விரட்டி, முதுமையடைந்து போய்ச் சேர்ந்தது. என் கணவர் கடைசிவரை செம்புக் கதையைத்தான் நம்பியிருந்தார். அவரும் போன பிறகுதான் இதை எழுத எனக்கு மனம் வந்தது. அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் தினமும் விளக்கின் முன் மன்னிப்புக் கேட்கிறேன். படலையடியில் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.