நகல் இல்லை, அருளிடம் சொல்லவும்

புதன்கிழமை காலை நம் போராட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி இணைப்பு வந்தது. ‘போராட்டக்காரர் மரணம்’ என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. நாம் புறக்கணித்த அதே செய்தித் தளம். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஆபீசில் என் கணினியில் அதை அழுத்தினேன். திரையில் வழக்கமான வரி வந்தது: ‘இந்தப் பக்கத்துக்கு நகல் இல்லை. அருளிடம் சொல்லவும்.’ சொல்வதற்காகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அருள் இன்னும் வரவில்லை. அப்போதுதான் அவன் தங்கை ரோஸி போன் செய்தாள். “அண்ணன் பூட்டாருண்ணா. நெஞ்சுவலின்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்.” அந்தத் தளத்துக்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது.

குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூரில் வாயு கசிந்து சனங்கள் மூச்சுத் திணறி ரோட்டில் கிடந்தபோது, ‘நடிக்கிறார்கள்’ என்று எழுதிய தளம் அது. ராயபுரத்திலிருந்து நெட்டுக்குப்பம் வரைக்கும் உள்ளவர்கள் எல்லாம் இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். மூன்று நாள் தாங்கவில்லை. எங்கே கரண்ட் போகும், எந்த ரோட்டில் லாரி மறித்து நிற்கிறது என்று நம் பக்கத்துச் செய்தியை முதலில் போடுவது அந்தப் பாழாய்ப்போன தளம்தான். ஆளாளுக்குத் திருட்டுத்தனமாகப் பார்த்தோம். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அருள் பின்னால் நின்றிருந்தான். திட்டவில்லை. “கோவமும் கீது, சேதியும் வோணும். இன்னா மாமு பண்றது?” என்றான்.

ஒரு வாரத்தில் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு குட்டி நிரலை எழுதிவிட்டான். பிரவுசரில் அதைப் போட்டுக்கொண்டு அந்தத் தளத்தின் இணைப்பை அழுத்தினால், தளத்துக்குப் போகாது. சேமித்து வைத்த நகலுக்குத் திருப்பிவிடும். நாம் படிப்போம், அவர்களுக்கு ஒரு பார்வைகூடச் சேராது. ஆனால் யாராவது ஒருவர் தளத்துக்குள் போய்த்தானே நகல் எடுக்க வேண்டும்? அருளின் கணினியில் மட்டும் எக்ஸ்டென்ஷன் கிடையாது. தினமும் காலை எட்டு மணிக்கு, மூக்கில் கர்ச்சீப்பைப் பொத்திக்கொண்டு தளத்தைத் திறப்பான். “நான் ஒருத்தன் கலீஜாவுறேன். நீங்க சுத்தமா படிங்க,” என்பான். ஆபீசே சிரிக்கும்.

ஒரு விஷயத்தை அவனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ‘எண்ணூர் நிலவரம்’ என்று ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு, அதிலேயே அழித்து அழித்து எழுதுவது அந்தத் தளத்தின் வழக்கம். ஒரு மத்தியானம் மறுபடி வாடை கிளம்பியது. நெட்டுக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரோஸி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ‘கசிவு இல்லை, பயப்பட வேண்டாம்’ என்று இருந்தது. அது காலை எட்டு மணி நகல். அவள் பார்த்த நேரத்தில் உண்மையான பக்கம், ‘உடனே வெளியேறுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. தெருவே ஓடிக்கொண்டிருக்க, அண்ணன் செய்தது தப்பாகாது என்று ரோஸி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அருள் போய் ஷட்டரைத் தூக்கியபோது அவள் நினைவிழந்து கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் இன்றைக்கும் நாலு படி ஏறினால் நின்றுவிடுவாள்.

தப்பு வாயுவைக் கசியவிட்டவன்மேல்தான் என்று அருளிடம் சொன்னேன். “அவன் வுட்டது காத்து மாமு. அவள உள்ள குந்த வச்சது நானு,” என்றான். அதற்குப் பிறகு அவன் கர்ச்சீப்பைப் பொத்தி நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு நகலுக்கு மேலும் சிவப்பில் ஒரு வரி வைத்தான்: ‘இது பழைய நகல். இப்போது நிலைமை மாறியிருக்கலாம். வெளியே எட்டிப் பாருங்கள்.’ வாயு, வெள்ளம் பற்றிய பக்கங்களை மட்டும் நேராகத் தளத்துக்கே போகும்படி விட்டான். தளத்துக்குப் பார்வை சேர்கிறதே என்று குழுவில் பெரிய சண்டை. துரோகி என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். பக்கத்து நாற்காலியில் இருந்தவனுக்கு எதிராக எழுதினேன். அவன் அதைப் படித்துவிட்டு, எனக்கும் சேர்த்து டீ சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காசிமேடு கல்லறையில் ரோஸியால் பெட்டிக்குப் பின்னால் நடக்க முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். “அவனுங்க அண்ணனப் பத்தி இன்னா எழுதிகீறானுங்க?” என்று கேட்டாள். என் போனில் காட்டட்டுமா என்றேன். தலையாட்டி மறுத்தாள். “நேரா தொறந்து பாக்க மாட்டேன். நகல் இருந்தா குடு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அருளின் நாற்காலியில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். மூன்று வரி எழுதியிருந்தார்கள். வயதுகூடத் தப்பு. நகல் எடுத்து ரோஸிக்கு அனுப்பினேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த எட்டு மணியைத்தான். நகல் இல்லாத பக்கத்தில் வரும் அவன் பெயரை மட்டும் நான் மாற்றப்போவதில்லை.

ரோஸி போன் செய்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“அண்ணா, அண்ணன் செத்துட்டாருன்னு போட்டுகீது. மேல செவப்புல, நெலம மாறியிருக்கலாம்னு போட்டுகீது.”

மாறாது என்று தெரிந்தும் வெளியே எட்டிப் பார்த்தேன்.